கடற்கரை மேடையில் லூப்பருக்குக் கால் சுவிட்ச்: நேரடி ஜாக்கா, மிடியா?

தங்கச்சிமடம்_தந்தி:
எல்லோருக்கும் வணக்கம். கையில் இருப்பது பாஸ் ஆர்சி-505 மார்க் 2, வாசிப்பதைப் பதிந்து சுற்றிச் சுற்றி ஓட்டும் லூப்பர். ஒரு மைக், ஒரு அக்கூஸ்டிக் கிடார், சில பாட்டுக்கு உறுமி. இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும்போது லூப்பரைக் காலால் ஓட்ட வேண்டும். ஐந்து வேலை தேவை: மூன்று டிராக்குக்குத் தனித்தனியாக ரெக்கார்ட்/பிளே, எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்த ஒன்று, கடைசியாகப் பதிந்ததை நீக்கும் அண்டூவுக்கு ஒன்று. மேடையெல்லாம் பாம்பனிலிருந்து ஏர்வாடி வரை கரையோரம்தான்: முளைப்பாரி, சர்ச் திருவிழா, கல்யாண வரவேற்பு. ஜெனரேட்டர் கரண்ட், உப்புக்காற்று, மணல். பாதி மேடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற முடியும். நேரடி கால் சுவிட்சே போதும் என்று ஒரு தரப்பு சொல்கிறது, மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) வழியாகப் பேசும் பத்து பெடல் போர்டு வாங்கு என்று இன்னொரு தரப்பு. நடு நிகழ்ச்சியில் கைவிடாதது எது? காரணத்தோடு சொல்லுங்கள்.

மண்டபம்_ஒலிமேசை:
நேரடி ஜாக்தான் தம்பி. மார்க் 2-வின் பின்பக்கம் கன்ட்ரோல் ஜாக் இரண்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் டிஆர்எஸ் (டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று தொடர்பு உள்ள ஸ்டீரியோ ஜாக்), அதாவது ஒரு ஜாக்கில் இரண்டு சுவிட்ச். மொத்தம் நாலு. பாஸின் கால் சுவிட்ச் எஃப்எஸ்-5யு நாலு வாங்குங்கள், ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோவாகப் பிரியும் ஒய் கேபிள் இரண்டு வாங்குங்கள். எஃப்எஸ்-5யு-வுக்குள் சிப் கிடையாது, பேட்டரி கிடையாது, மென்பொருள் கிடையாது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பூட் ஆகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தட்டு அகலம், வெறுங்காலுக்கு நோகாது.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, 'யு' எழுத்து. அது அழுத்தியிருக்கும் வரை மட்டும் மூடும் வகை. 'எல்' என்று முடிவது ஒரு அழுத்துக்கு மூடி, அடுத்த அழுத்துக்குத் திறக்கும் வகை, லூப்பருக்கு ஆகாது. இரண்டு, பக்கத்தில் உள்ள போலாரிட்டி சுவிட்ச். அது தலைகீழாக இருந்தால் லூப்பருக்கு சுவிட்ச் எப்போதும் அழுத்தியே இருப்பதாகத் தெரியும். நீங்கள் மிதிக்கும்போது எதுவும் நடக்காது, காலை எடுக்கும்போதுதான் ரெக்கார்ட் ஆரம்பிக்கும். மிதித்து எடுக்கப் பொதுவாக நூறு மில்லி வினாடிக்கு மேல் ஆகும். 100 பிபிஎம் பாட்டில் கால் மாத்திரை 150 மில்லி வினாடிதான். லூப் ஓடும், ஆனால் தாளத்தில் உட்காராது. ஆள்கள் கருவியைக் குறை சொல்வார்கள், கோளாறு அந்தச் சின்ன சுவிட்சில் இருக்கும்.

ஐந்தாவது வேலைக்கு இடமில்லைதான். அண்டூவைக் கையால் செய்யுங்கள். 505 மேசைமேல் வைக்கும் கருவி, பட்டன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும்.

பாம்பன்_வாடை:
அண்டூவைக் கையால் செய்யச் சொல்வது சரியில்லை அண்ணே. அண்டூ தேவைப்படுவது ஓவர்டப்பில் (ஓடும் லூப்மேல் இன்னொன்றைப் பதியும்போது) பிசிறு விழுந்த அந்த நொடியில். அப்போது கை கிடாரில்தான் இருக்கும். பிசிறோடு லூப் இரண்டு சுற்று போய்விட்டால் கூட்டத்துக்கே தெரிந்துவிடும்.

பழைய பெரிங்கர் எஃப்சிபி1010 ஒன்று பாருங்கள் தந்தி. பத்து பெடல், பேங்க் ஏற்ற இறக்க இரண்டு, ஓரத்தில் எக்ஸ்பிரஷன் பெடல் இரண்டு. அந்த எக்ஸ்பிரஷன் பெடல் ஒளியில் வேலை செய்கிறது, உள்ளே தேயும் பொட்டன்ஷியோமீட்டர் இல்லை. பத்து பெடலுக்கும் கீழே போர்டில் இருப்பது சாதாரண சின்ன டாக்ட் சுவிட்ச். தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம், மதுரையிலும் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். திறந்து பழுது பார்க்க முடிகிற பொருள்தான் நம்பகமான பொருள். மாற்று பார்ட் கிடைக்காத ஊரில் புதுசு என்பதற்கு அர்த்தம் இல்லை.

அதன் மிடி அவுட் டின் என்னும் ஐந்து முனை வட்ட ஜாக். மார்க் 2-வில் மிடி 3.5 மில்லிமீட்டர் ஜாக். நடுவில் 'ஏ' வகை மாற்றுக் கேபிள் வேண்டும். 'பி' வகையும் கடைகளில் ஒரே தோற்றத்தில் தொங்கும். அதில் டிப்பும் ரிங்கும் மாறியிருக்கும், எதுவும் வேலை செய்யாது. உடைந்தும் போகாது, பயப்பட வேண்டாம்.

கீழக்கரை_ஈயம்:
எஃப்சிபி1010-ஐச் சொன்னால் அதன் அமைப்பையும் முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வாங்கிய முதல் நாளே தம்பி மாட்டிக்கொள்வார்.

பெட்டியைத் திறந்ததும் அது அனுப்புவது புரோகிராம் சேஞ்ச். லூப்பர் அதை மெமரி மாற்றும் கட்டளையாக எடுக்கும். ரெக்கார்ட் ஆகும் என்று மிதித்தால் வேறு மெமரிக்குத் தாவும். ஒவ்வொரு ப்ரீசெட்டிலும் புரோகிராம் சேஞ்ச் ஐந்தையும் அணைத்துவிட்டு சிசி (கன்ட்ரோல் சேஞ்ச், 0 முதல் 127 வரை ஒரு மதிப்பை அனுப்பும் கட்டளை) மட்டும் வைக்க வேண்டும். அடுத்தது, பழைய மென்பொருளில் ஒரு சிசிக்கு ஒரே மதிப்புதான் போகும். காலை எடுத்ததும் 0 போகாது. லூப்பர் எதிர்பார்ப்பது 0-விலிருந்து 127-க்கு ஏறும் மாற்றம். 127 மட்டுமே திரும்பத் திரும்பப் போனால் இரண்டாவது மிதியைக் கண்டுகொள்ளாது. அதற்கு வழி: ப்ரீசெட்டில் உள்ள இரண்டு சிசி இடத்திலும் ஒரே எண்ணைப் போட்டு, முதலாவதுக்கு 127, இரண்டாவதுக்கு 0. இப்படிச் செய்தால் மிதி வேலை செய்யும், ஆனால் மிதித்துப் பிடித்தல் என்பது போய்விடும். யுனோ என்னும் மாற்று மென்பொருள் சிப்பைப் போட்டால் இந்தத் தொல்லை குறைகிறது.

இதையெல்லாம் செய்துகொள்ளலாம். எனக்கு ஒப்பாதது வேறு. எஃப்சிபி1010-க்குள் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. 230 வோல்ட் கேபிள் நேராக உங்கள் காலடிக்கு வரும். எர்த் ராட் அடிக்காத ஜெனரேட்டர், ஈர மணல், வெறுங்கால், மெட்டல் பெட்டி. இந்த நாலும் சேரும் மேடையில் அதை வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. வைத்தே ஆக வேண்டுமென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் போர்டிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும், ராட் அடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

உச்சிப்புளி_பீட்:
இவ்வளவு கேபிள் எதற்கு அண்ணே? புளூடூத் பெடல் இருக்கிறது, யுஎஸ்பி பெடல் இருக்கிறது. பிரஷர் சென்சார் வகையில் அசையும் பாகமே கிடையாது, மணலும் நுழையாது.

கீழக்கரை_ஈயம்:
யுஎஸ்பி முதலில். மார்க் 2-வின் யுஎஸ்பி போர்ட் கம்ப்யூட்டருக்கு மாட்டுவதற்கு. அது பெடலுக்கு ஹோஸ்ட் ஆகாது. யுஎஸ்பி மட்டும் உள்ள பெடலை அதில் சொருக முடியாது, நடுவில் யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி ஒன்று, அதற்கு ஒரு அடாப்டர், இரண்டு கேபிள். லேப்டாப்பில் லூப் செய்பவருக்கு யுஎஸ்பி சரி, கேபிள் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

புளூடூத்தில் தகவல் நினைத்த நொடியில் போகாது. கருவிகள் இரண்டும் ஒத்துக்கொண்ட இடைவெளியில்தான் போகும், அந்த இடைவெளி வழக்கமான கருவிகளில் குறைந்தபட்சம் 7.5 மில்லி வினாடி. ஒரு பாக்கெட் தவறினால் அடுத்த முறை வரை காத்திருக்கும். தாமதம் ஒரே அளவாக இருந்தால் கால் பழகிக்கொள்ளும், ஒவ்வொரு மிதிக்கும் மாறினால் பழகவே முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆயிரம் போன் நிற்கும் திருவிழாக் கூட்டத்தின் முன்னால் அது மாறிக்கொண்டேதான் இருக்கும். டின் மிடியில் விநாடிக்கு 31,250 பிட், ஒரு சிசிக்கு மூன்று பைட், ஒரு மில்லி வினாடிக்குள் முடிந்தது. எப்போதும் அதே அளவு.

மண்டபம்_ஒலிமேசை:
நேரடி ஜாக்கில் அந்த ஒரு மில்லி வினாடியும் இல்லை.

கீழக்கரை_ஈயம்:
சரி, உங்கள் நேரடி ஜாக்குக்கே வருகிறேன் அண்ணே. உங்கள் அமைப்பில் எத்தனை பிளக்? லூப்பர் பக்கம் இரண்டு, பெடல் பக்கம் நாலு. ஆறு பிளக், நாலு திறந்த சுவிட்ச். கரையில் கெடுவது இந்தப் பத்து இடம்தான்.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி ஏறியதும் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மத்தியான வெயிலில் அதே இடம் காய்ந்த பொடி. அதனால்தான் மூன்று மணி சவுண்ட் செக்கில் ஒழுங்காக இருந்த சுவிட்ச் ராத்திரி பத்து மணிக்கு மாறி நடக்கிறது. கோளாறும் இரண்டு விதமாக வரும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று, கான்டாக்ட் மேல் படலம் படிந்து மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் போவது. மற்றது, திறந்திருக்கும் இரண்டு முனைக்கு நடுவே ஈர உப்பு பாலம் போட்டு, மிதிக்காமலே மிதித்தது போலக் காட்டுவது.

நாமே செய்யும் போர்டில் இதை ஒரு ரெசிஸ்டரால் அடக்கலாம். ஏடிமெகா சிப்பின் உள்புல்அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது முனையை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம். அதை 35 என்று வைத்து, உப்புப் பாலம் 20 கிலோ ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 5 வோல்ட்டில் முனை 1.8 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அது திறந்ததா மூடியதா என்று சிப்புக்கே நிச்சயமில்லாத இடம். வெளியே 1 கிலோ ஓம் புல்அப் போட்டால் அதே பாலத்தில் 4.76 வோல்ட் நிற்கும். மூடும்போது 5 மில்லி ஆம்பியர் ஓடும், படலத்தைக் கிழிக்க அது உதவும். நேரடி ஜாக்கில் புல்அப் லூப்பருக்குள் இருக்கிறது, நம் கை அங்கே எட்டாது.

பாம்பன்_வாடை:
கணக்கு சரி காக்கா. ஆனால் எல்லோரும் ஈயம் வைப்பவர்கள் (சால்டர் செய்பவர்கள்) இல்லையே. துடைத்து வைத்தால் போதாதா? நிகழ்ச்சி முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு துடை.

கீழக்கரை_ஈயம்:
ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பை அவ்வளவாகக் கரைக்காது. முதலில் தண்ணீர், பிறகு ஆல்கஹால். தண்ணீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நம் பக்கத்து போர் தண்ணீரில் துடைத்தால் உப்பை எடுக்கப் போய் உப்பை வைத்துவிட்டு வருவோம். பஞ்சுக் குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து ஜாக்கின் உள்ளே சுற்றி எடுத்து, ஆல்கஹாலில் நனைத்த இன்னொன்றால் சுற்றினால் ஈரமும் சேர்ந்து போகும். ஒரு மணி நேரம் காயவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பிளக்கில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்ட வேண்டாம், முலாம் போய்விடும். பிளக்கையே மாற்றுங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யுடி-40 கான்டாக்ட்டுக்கு வேண்டாம். எண்ணெய் தங்கும், அதில் மணல் ஒட்டும். அதே பேரில் கான்டாக்ட் கிளீனர் தனியாக வருகிறது, அது வேறு.

சரி, நான் சொல்ல வந்த அமைப்பு இது. கான்டாக்ட்டே இல்லாத சுவிட்ச். ஏ3144 ஹால் சென்சார் (காந்தம் அருகே வந்தால் மாறும் சிப்) ஐந்து, சின்ன நியோடைமியம் காந்தம் ஐந்து, புரோ மைக்ரோ என்னும் சின்ன ஏடிமெகா போர்டு ஒன்று, ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாத) பாலிகார்பனேட் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று. சென்சார் பெட்டிக்கு உள்ளே, மூடிக்கு அடியில் ஒட்டி இருக்கும். காந்தம் பெட்டிக்கு வெளியே, மிதிக்கும் தட்டின் அடியில். காந்தப்புலம் பிளாஸ்டிக் மூடியைத் தாண்டி வரும், ஆகவே சுவிட்சுக்காக ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம். பெட்டியில் இருக்கும் ஒரே துளை கேபிள் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி மூடும் நட்டு). மணல் வரட்டும், மழை வரட்டும், உப்புக்கு நுழைய வழி இல்லை.

கவனிக்க வேண்டியவை: ஏ3144 காந்தத்தின் தென்துருவத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், எழுத்து அச்சடித்த முகத்தில். ஒட்டும் முன் ஒவ்வொரு காந்தத்தையும் திருப்பிப் பார்த்துக் குறி போடுங்கள். அதற்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும், 3.3 வோல்ட்டில் ஓட்டாதீர்கள். அவுட்புட் ஓபன் கலெக்டர், அதாவது முனையைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டும் முடியும், ஆகவே புல்அப் அவசியம். நியோடைமியத்தின் நிக்கல் முலாம் கீறினால் சில வாரத்தில் துருப்பிடித்து உதிரும், அதனால் காந்தத்தை எபாக்சியில் முழுசாக மூழ்க வையுங்கள். திருகு எல்லாம் படகு வேலைக்கு வாங்கும் 316 ஸ்டீல்.

கேபிள் நாலு கோர், கிளாண்ட் வழியாக நேராக உள்ளே போய் ஈயம். பெடல் பக்கம் ஜாக்கே இல்லை. இரண்டு கோரில் மேசையிலிருந்து 5 வோல்ட்டும் கிரவுண்டும் வரும், மற்ற இரண்டில் மிடி போகும், ஒவ்வொன்றிலும் 220 ஓம். லூப்பர் முனையில் 3.5 பிளக்: டிப்பில் டேட்டா, ரிங்கில் 5 வோல்ட் பக்கம். ஸ்லீவில் ஷீல்டு இருந்தால் போடுங்கள். காலடியில் 5 வோல்ட்டுக்கு மேல் எதுவும் இல்லை. மிடி இன்புட் ஆப்டோ (ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) வழியாகப் போவதால் மேசைக் கிரவுண்டும் லூப்பர் கிரவுண்டும் கலக்காது, ஹம் வராது.

மென்பொருளில் ஒன்றுதான் முக்கியம். முதல் மாற்றம் தெரிந்த உடனே சிசி 127 அனுப்பிவிட்டு, அதன் பிறகு 30 மில்லி வினாடி எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். பல பேர் தலைகீழாக எழுதுகிறார்கள்: நிலைக்கும் வரை காத்திருந்து பிறகு அனுப்புவது. அந்தக் காத்திருப்பு அப்படியே தாமதமாகிறது. காலை எடுக்கும்போது 0. சிசி எண் 80 முதல் 84 வரை வைத்து லூப்பரின் அசைன் மெனுவில் எந்த எண்ணுக்கு எந்த வேலை என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், சோர்ஸ் மோடு மொமென்ட்.

உச்சிப்புளி_பீட்:
5 வோல்ட்டுக்கு பவர் பேங்க் வைத்தால் ஜெனரேட்டரையே நம்ப வேண்டாமே காக்கா?

கீழக்கரை_ஈயம்:
வைக்கலாம். சில பவர் பேங்க் இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். ஹால் சென்சார் ஒவ்வொன்றும் சில மில்லி ஆம்பியர் எடுக்கும் என்றாலும் அதை நம்பாதீர்கள். வீட்டில் ஒரு மணி நேரம் தொடாமல் ஓட்டிப் பார்த்து அணையாத பேங்க்கை மட்டும் எடுத்துப் போங்கள். முதலில் சின்ன யுபிஎஸ் வைக்க வேண்டிய இடம் லூப்பர்தான். கரண்ட் ஒரு நொடி போனாலும் சேமிக்காத லூப் முழுவதும் போய்விடும், பெடல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

மண்டபம்_ஒலிமேசை:
தம்பி ஈயம், நீங்கள் சொன்ன பெட்டி நல்ல பெட்டி. மறுக்கவில்லை. என் கேள்வி ஒன்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு, ஏர்வாடியில், அந்த புரோ மைக்ரோ பேச மறுத்தால் யார் பார்ப்பது? செய்தவர் கீழக்கரையில் இருக்கிறார். அந்தப் புரோகிராம் அவர் லேப்டாப்பில் இருக்கிறது.

நேரடி ஜாக்குக்கு மேடையிலேயே மாற்று கிடைக்கும். கீபோர்டு வாசிப்பவரின் சஸ்டெய்ன் பெடலை வாங்கிச் சொருகலாம். மிதித்தால் மூடும் வகை அப்படியே ஓடும். யமஹா வகை மிதித்தால் திறக்கும், லூப்பருக்குத் தலைகீழ். கீபோர்டு ஆன் ஆகும்போது அதைக் கண்டுபிடித்துச் சரி செய்துகொள்ளும், லூப்பரில் அதை நம்பி நிற்காதீர்கள். மோனோ பிளக்கை நேராக ஸ்டீரியோ ஜாக்கில் சொருகினால் ரிங் ஸ்லீவோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது சுவிட்ச் எப்போதும் மிதித்தபடி இருக்கும். அதனால் ஒய் கேபிள் வழியாகத்தான் சொருக வேண்டும். இவ்வளவுதான் தெரிய வேண்டியது. இரண்டு நிமிட வேலை.

உங்கள் உப்புக் கணக்கை ஏற்கிறேன். அதற்கு சிப் எதற்கு? ரீட் சுவிட்ச் போடுங்கள். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த கான்டாக்ட், காற்றே போகாது. உங்கள் அதே பெட்டி, அதே காந்தம், அதே கிளாண்ட். ஐந்து கோர் கேபிள்: நாலு சுவிட்சுக்கு நாலு, பொதுவுக்கு ஒன்று. முனையில் இரண்டு டிஆர்எஸ் பிளக். பவர் இல்லை, மென்பொருள் இல்லை, உப்பு நுழையும் இடம் ஆறு பிளக்கிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டது. அந்த இரண்டும் மேசை உயரத்தில், துணி போட்டு மூடும் இடத்தில்.

கீழக்கரை_ஈயம்:
ரீட் நல்ல யோசனை அண்ணே, ஆனால் நாலோடு நின்றுபோகும். தம்பி கேட்டது ஐந்து. அது போக, ரீட்டின் காலைக் கண்ணாடிக்கு ஒட்டி வளைத்தால் நுண்ணிய விரிசல் விழும். அன்றைக்கு வேலை செய்யும், ஈரம் மெதுவாக உள்ளே போகும். மூன்று மில்லிமீட்டராவது விட்டு, கண்ணாடிப் பக்கம் மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டுதான் வளைக்க வேண்டும். மேடையில் குதித்து மிதிக்கும் ஆளுக்கு எபாக்சியைவிட சிலிக்கான் பசையில் உட்கார வைப்பது நல்லது, அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

புரோ மைக்ரோ பேசாமல் போவதற்கு வழி, அதே புரோகிராம் ஏற்றிய இன்னொரு போர்டைப் பெட்டிக்குள்ளேயே சாக்கெட்டோடு வைப்பது. நாலு திருகு, கழற்றி மாற்றலாம்.

மண்டபம்_ஒலிமேசை:
ஈர மணலில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில், ஐபி65 பெட்டியைத் திறந்து? திறந்த அந்த நிமிடமே உப்புக்காற்று உள்ளே. வேண்டாம்.

பாம்பன்_வாடை:
இரண்டு பேரும் கடையில் கிடைக்காத பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். கடையில் வாங்க நினைப்பவருக்கு மார்னிங்ஸ்டார் எம்சி6, எம்சி8 மாதிரி சின்ன மிடி போர்டு இருக்கிறது. 9 வோல்ட் டிசியில் ஓடும், காலடியில் 230 வராது. மிதிக்க ஒன்று, விடும்போது ஒன்று என்று தனித்தனிச் செய்தி வைக்கலாம், ஆக 127-ம் 0-வும் ஒழுங்காகப் போகும். அமைப்பு எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து முடித்துவிட்டுத்தான் மேடைக்குப் போக வேண்டும். சுவிட்ச் உலோகக் குமிழ்தான், வெறுங்காலுக்கு மேலே அகலமான பிளாஸ்டிக் தொப்பி வாங்கி மாட்டுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மூடிக்கும் குமிழுக்கும் நடுவே மணல் இறங்கும். மழைத்துணியை மேலே போட்டு அதன் மேலேயே மிதியுங்கள், மெல்லியதாக இருந்தால் காலுக்குத் தெரியும்.

டின் கேபிளுக்குப் பூட்டு கிடையாது. பெட்டியின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி வெல்க்ரோவால் கட்டினால், கால் தட்டினாலும் பிளக் கழராது. கேபிள் 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

உச்சிப்புளி_பீட்:
சில பேர் மைக் கேபிளிலேயே மிடி அனுப்புகிறார்களே, பூட்டோடு இருக்குமே?

மண்டபம்_ஒலிமேசை:
போகும். மிடிக்குத் தேவை மூன்று கம்பிதான்: டின்னின் 2-ஆம் முனை எக்ஸ்எல்ஆர் (மைக் பிளக்) 1-க்கு, 4 எக்ஸ்எல்ஆர் 2-க்கு, 5 எக்ஸ்எல்ஆர் 3-க்கு. எந்த மேடையிலும் மாற்றுக் கேபிள் கிடைக்கும் என்பது பெரிய லாபம். ஆனால் இருட்டில் உதவிக்கு வரும் பையன் அதை ஸ்டேஜ் பாக்ஸில் சொருகிவிட்டால் மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் உங்கள் மிடி போர்டுக்குள் போகும். செய்வதாக இருந்தால் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, அந்தக் கேபிளை மற்ற மைக் கேபிள்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

தங்கச்சிமடம்_தந்தி:
எல்லோருக்கும் நன்றி. முடிவு சொல்கிறேன், தவறு இருந்தால் இப்போதே தடுங்கள்.

மண்டபம் அண்ணன் சொன்ன ரீட் பெட்டி, நாலு சுவிட்ச். டிராக் 1 தாளம், டிராக் 2 கிடார். இவை இரண்டும் வாத்தியம் கையில் இருக்கும்போதே பதிய வேண்டும், கால் கட்டாயம். டிராக் 3 குரல் ஹார்மனி, அப்போது வலது கை சும்மா இருக்கும், அதைக் கையால் ஓட்டுகிறேன். மிச்சம் இரண்டு சுவிட்சில் ஒன்று மொத்த நிறுத்தம், ஒன்று அண்டூ. நிறுத்தத்தை வலது ஓரத்தில் வைத்து, மற்ற மூன்றிலிருந்து ஒரு பாத அகலம் தள்ளி வைக்கிறேன். மாற்றாக எஃப்எஸ்-5யு இரண்டும் ஒய் கேபிள் ஒன்றும் பையில். லூப்பருக்கு யுபிஎஸ்.

கீழக்கரை_ஈயம்:
அண்டூவை விடாமல் வைத்தது சரி. ஐந்து வேண்டும் என்று பிறகு தோன்றினால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், அதே தட்டு, அதே காந்தத்துக்கு ஹால் சென்சாரை மாற்றலாம். நான் இன்னும் மிடிதான் சொல்வேன். மழைக்காலத்தில் அந்த இரண்டு டிஆர்எஸ் பிளக்கும் உங்களைச் சோதிக்கும், தங்க முலாம் பூசியதாக வாங்குங்கள்.

மண்டபம்_ஒலிமேசை:
செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. வட்டக் காந்தத்தைத் தட்டையாக ஒட்டி ரீட்டின் நட்ட நடுவில் இறக்கினால் மூடாது, அந்த இடத்தில் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு முனைக்கு மேலே வர வேண்டும், அல்லது நீளக் காந்தத்தை ரீட்டுக்கு இணையாகப் படுக்க வைக்க வேண்டும். இன்னொன்று, தட்டு கீழே இறங்கும்போது காந்தம் ரீட்டின் நீளவாக்கில் வழுக்கக் கூடாது. அப்படி வழுக்கினால் ஒரே மிதியில் இரண்டு மூன்று முறை மூடித் திறக்கும், லூப்பர் அதை ரெக்கார்ட், பிளே, ஓவர்டப் என்று வரிசையாக எடுத்துக்கொள்ளும். கீலைத் தட்டின் பின் ஓரத்தில் வைத்து, ரீட்டைக் கீலுக்கு இணையாகக் குறுக்கே போடுங்கள், காந்தம் நேராக இறங்கும். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து மெதுவாக இருபது முறை மிதித்துப் பாருங்கள். ஒரு மிதிக்கு ஒரு பீப் மட்டும் கேட்ட பிறகு சிலிக்கான் பசை வையுங்கள். தட்டுக்கும் மூடிக்கும் நடுவே நிறுத்தமாக ரப்பர் துண்டு இரண்டு போட மறக்காதீர்கள், இல்லையென்றால் மிதியின் பாரம் முழுவதும் மூடிமேல் இறங்கி, அடியில் உள்ள கண்ணாடி உடையும்.